ஓர் எழுத்து

சல்லடைக் கூடத்தில் யாருக்கும் காது கிடையாது.
இரவு ஒன்பதுக்கு மோட்டார் பிடித்தால்
தகரக் கூரைக்குள் மழை பெய்வதுபோல்
விடியும்வரை ஒரே இரைச்சல்.
நாங்கள் உதட்டைப் படிக்கிறவர்கள்.
முகத்துணியைக் கழுத்துக்கு இறக்கினால் சேதி,
ஏற்றிவிட்டால் வேலை.

பதினொரு வருஷத்தில் எவ்வளவோ படித்திருக்கிறேன்.
யார் வீட்டில் அரிசி இல்லை,
டயகம பஸ்ஸில் எவளுக்கு எவன் இடம் பிடிக்கிறான்,
இந்த மாசம் எத்தனை பேர் வெட்டு.
அஞ்சலாவின் புருஷன் செத்ததைக்கூட
அவளுக்கு முன்னால்
நான்தான் படித்தேன்.

அன்றைக்கு டீமேக்கர் ஐயா
உலர்த்தி அடுப்பு ஓரம் நின்று,
கணக்கெழுதும் பரிமளத்தைக் கையால் காட்டி
ஃபோர்மனிடம் ஏதோ சொன்னார்.
மாத்தம்.
அடுத்த மாசம், கீழ்ப்பிரிவு ஸ்டோருக்கு.
அவ்வளவுதான்.

எதிரே நின்ற செபமாலை
புருவத்தை உயர்த்தினாள்: என்னவாம்?
துணியை இறக்கினேன்.
ஏமாத்தம், என்றேன்.

பன்னிரண்டு மணித் தேத்தண்ணிக்குள் அது
மூன்று கிலோ ஆகிவிட்டது.
ஒரு மணிக்குத் தரமும் வந்துவிட்டது,
டஸ்ட் இல்லை, நல்ல பி.ஓ.பி.
இரண்டுக்கு அவள் டிபன் கேரியரின் அடித்தட்டில் இருந்தது.
மூன்றுக்கு நுவரெலியாவில்
அதை வாங்கும் கடைக்காரனுக்குப் பேர் வைத்து
தங்கப்பல்லும் ஒன்று கட்டினார்கள்.

ஆறுக்கு, கேட்டில்,
வாச்சர் அந்தக் கேரியரைத் திறந்தார்.
பனி. எல்லோரும் செருப்பு வாரைச் சரிசெய்தபடி நின்றோம்.
பாதி ரொட்டி. கட்டசம்பல் ஒட்டிய தட்டு.
அடித்தட்டில், தங்கை மகனுக்கென்று எடுத்துவைத்த
ஒரு பணிஸ்.
வாச்சர் பணிஸையும் பிட்டுப் பார்த்தார்.
கேரியரின் கொக்கி அவளுக்கு மாட்டவேயில்லை,
மூன்று தடவை.

மறுநாள் வரமாட்டாள் என்று
எல்லா உதடும் சொல்லியிருந்தது.
வந்தாள்.
துணியை இறக்கி, ஒவ்வொருத்தி முன்னும் நின்று
பிள்ளைக் காம்பராவில் ஆயா பேசுவதுபோல் மெதுவாய்:
யாரு சொன்னது?
கடைசி மேசை புஷ்பம் ரூபவதியைக் காட்டினாள்.
ரூபவதி கங்காவை.
கங்கா, கொஞ்சம் அழுதுவிட்டு, செபமாலையை.
செபமாலை என்னை.
எனக்கு அடுத்து சுவர்.
சுவரில் தீயணைக்கும் மணல் வாளி.

என்னிடம் மட்டும் கேட்கவில்லை.
சாக்கின்மேல் உட்கார்ந்தாள்.
வலை மாற்ற மோட்டாரை நிறுத்தும்வரை
உட்கார்ந்தே இருந்தாள்.
நின்றது.
காதுக்குள் ஒரு கூவல், பிறகு முப்பது பேர் மூச்சு.
கூடத்துக்குள் அவள் குரலை அப்போதுதான் கேட்டேன்,
சன்னமான குரல்:
"நீங்க என்னத்த பாத்தீங்க அக்கா?"

வாகான பொய் வாயிலேயே இருந்தது.
தூரம், தூசி, கண் பிசகிவிட்டது.
ஓர் எழுத்துதானே வித்தியாசம்,
யாரும் நம்புவார்கள்.

"மாத்தம்னுதான் பாத்தேன்.
'ஏ' நான் போட்டது.
அந்தக் கணக்கு நாற்காலிய
நான் ரெண்டு தடவ கேட்டிருந்தேன்."

மன்னிக்கவில்லை. திட்டவுமில்லை.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினாள்:
"இத எழுதிக் குடுங்க."
மோட்டார் பிடித்தது.

எழுதிக் கொடுத்தேன். மூன்று நாள் பேர் போடவில்லை.
அவள் கீழ்ப்பிரிவுக்குப் போனாள், முதலில் சொன்னபடியே.
வாச்சர் அவளிடம் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.
நாற்காலி ரூபவதிக்கு.

இதற்குள்
நாங்கள் முடியைப் பிடித்துச் சண்டை போட்டோமாம்,
மணல் வாளியால் நான் அடித்தேனாம்.
வாளியைப் பார்த்தால் சில சமயம் சிரிப்பு வருகிறது,
பிறகு வருவதில்லை.

நேற்று பெல்ட்டுக்கு அந்தப் பக்கம்
இரண்டு துணிகள் இறங்கின.
ஓர் எழுத்து விடாமல் படித்தேன்.
புதிதாய்ச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி
என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

துணியை இறக்காமலே
விளங்கல என்று கையை விரித்தேன்.
பழக்கமில்லாத கை,
கொஞ்சம் நடுங்கியது.